ஸ்கேன் செய்த ஆவணங்களின் சாய்வைக் கண்டறிந்து நிமிர்த்துதல்: முழுமையான வழிகாட்டி

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது; கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதனால் ஓசூர்ப் பக்கத்து நிலம் ஒன்றுக்குப் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றும், தந்தையார் காலத்துப் பாகப்பிரிவினையில் தருமபுரி மாவட்டம் என்றும், அண்மைக் காலப் பத்திரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றும் எழுதப்பட்டிருக்கும். இத்தகைய தாள்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளால் படிக்கவைத்து, ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் கொண்டு தேடக்கூடிய கோப்புகளாக்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது தாளின் சாய்வைத்தான். எழுத்துணரி முதலில் பக்கத்தை வரிகளாகப் பிரிக்கிறது, பிறகுதான் எழுத்துகளைப் படிக்கிறது. வரி பிரிப்பதிலேயே பிழை நேர்ந்தால், சொத்து விவரத்தில் ஒரு வரியில் இருக்கும் சர்வே எண்ணும் அடுத்த வரியில் இருக்கும் பரப்பளவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நிலப் பத்திரத்தில் ஓர் எண் இடம் மாறினால் வேறொருவருடைய நிலம் என்றே பொருள்படும் என்பதால், இந்த வேலையைப் பொறுமையாகச் செய்வது அவசியம்.

எவ்வளவு சாய்வு எவ்வளவு கேடு செய்யும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2480 பிக்செல் அகலமும் 3508 பிக்செல் உயரமும் உள்ள படம் கிடைக்கும். அதில் 18 பாயின்ட் இடைவெளியில் அச்சான வரிகள் ஒன்றுக்கொன்று 75 பிக்செல் தள்ளி நிற்கும். வரியின் நீளம் 2000 பிக்செல் என்று கொண்டால், 1 பாகை சாய்வில் அதன் வலது முனை இடது முனையைவிட 35 பிக்செல் ஏறியோ இறங்கியோ இருக்கும். அதாவது வரி இடைவெளியில் ஏறக்குறையப் பாதி. 2 பாகையானால் அந்த வேறுபாடு 70 பிக்செல் ஆகிறது. ஒரு வரியின் கடைசிச் சொல் அடுத்த வரியின் முதற்சொல்லுக்கு நேராக வந்துவிடுகிறது. கண்ணுக்குச் சற்றே கோணலாகத் தெரியும் தாள்கூட எழுத்துணரியைக் குழப்புவதற்குக் காரணம் இதுதான்.

எந்த வகைக் கோணல் என்று முதலில் பிரித்தறிதல்

கோணல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் வெவ்வேறு குறைகள் அடங்கியுள்ளன. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. பக்கம் தலைகீழாகவோ பக்கவாட்டாகவோ இருந்தால் அது திசைப் பிழை. 90 அல்லது 180 பாகை திருப்பினால் போதும். தாள் முழுவதும் ஒரே அளவில் சில பாகை சாய்ந்திருந்தால் அதுவே இந்த வழிகாட்டி முதன்மையாகப் பேசும் சாய்வு. செல்பேசியால் படம் எடுக்கும்போது மேல்பக்கம் குறுகியும் கீழ்ப்பக்கம் அகன்றும் வருவது கோணப்பார்வைக் குறை. அதற்குத் தாளின் நான்கு மூலைகளையும் அடையாளம் காட்டி விரித்தெடுக்க வேண்டும், வெறும் சுழற்சி பயன்படாது. தடித்த பதிவேட்டின் தையல் ஓரத்தில் வரிகள் வளைவது இன்னொரு வகை. தாள்களைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில், ஒரு பக்க உருளை மட்டும் வழுக்கினால், பக்கத்தின் மேல்வரிகள் ஒரு கோணத்திலும் கீழ்வரிகள் வேறு கோணத்திலும் பதிவாகும். அந்தப் படத்தைத் திருத்த முயல்வதைவிட மீண்டும் ஸ்கேன் செய்வதே நல்லது.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பக்கத்தின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களில் நீளமான வரிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும் இடையிலான உயர வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்திருந்தால் சீரான சாய்வு. படிப்படியாக மாறினால் கோணப்பார்வையோ உருளை வழுக்கலோ காரணம். வரியின் ஒரு பகுதி நேராகவும் மறுபகுதி வளைந்தும் இருந்தால் தையல் வளைவு.

தாளின் விளிம்பா, எழுத்தின் வரியா?

பலரும் தவறும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். முத்திரைத்தாளின் மேற்பகுதியில் அச்சிட்ட கட்டமும் சின்னமும் இருக்கும். அதற்குக் கீழே பத்திரம் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். தட்டச்சர் தாளை உருளையில் சற்றே கோணலாகச் செருகியிருந்தால், அச்சிட்ட கட்டம் தாளின் விளிம்புக்கு நேராகவும், தட்டச்சு வரிகள் விளிம்புக்குச் சாய்வாகவும் அமையும். ஒரே பத்திரத்தின் அடுத்தடுத்த தாள்களில் இந்தச் சாய்வு வேறுபடுவதும் உண்டு. இப்போது விளிம்பைக் கொண்டு நிமிர்த்தினால் தாள் அழகாக நிற்கும், வரிகள் சாய்ந்தே இருக்கும். படிக்க வேண்டியது வரிகளைத்தான். ஆகவே எழுத்துணரிக்காகச் செய்யும் நிமிர்த்தலில் வரியையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். விளிம்பைக் கண்டறிந்து தானாக நிமிர்த்தும் வசதி பெரும்பாலான செல்பேசி ஸ்கேன் செயலிகளில் உள்ளது. அது காகிதத்தை நிமிர்த்துகிறது என்பதை மனத்தில் கொண்டு, அதன் பிறகும் வரியின் சாய்வை அளப்பது நலம்.

ஸ்கேன் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

தட்டையான கண்ணாடி உள்ள ஸ்கேனரே பழைய தாள்களுக்கு ஏற்றது. மடிப்பில் கிழிந்த தாளை இழுவை உருளையில் விடக்கூடாது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள், சாம்பல் நிறம் அல்லது வண்ணம் என்று வைத்து, சுருக்கத்தால் விவரம் இழக்காத டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்யக் கொடுப்பவர்கள் கறுப்பு வெள்ளையாக மட்டும் வாங்கிக்கொள்ளாமல், வண்ணத்திலேயே எடுத்துத் தரும்படி கேட்பது பின்னால் பெரிதும் உதவும். மூடியைத் திறந்து வைத்து ஸ்கேன் செய்தால் தாளைச் சுற்றிக் கறுப்புப் பட்டை விழும். அது கோணத்தை அளக்கும்போது தொல்லை தரும்.

அளப்பதற்கென ஒரு நகல்

மூலப் படத்தில் கை வைக்காமல், சாய்வை அளப்பதற்கென்று தனி நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நகலில் என்ன செய்தாலும் மூலத்துக்குச் சேதமில்லை. முதலில் நான்கு ஓரங்களிலும் கறுப்புப் பட்டையை வெட்டிவிட வேண்டும். நீளமான நேர்க்கோடாக இருப்பதால் அந்தப் பட்டை எழுத்து வரிகளை மிஞ்சிக் கோணத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். அடுத்து, முத்திரைத்தாளின் வண்ணப் பின்னணியை ஒதுக்க, படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பிரிவுகளைத் தனித்தனியே பார்த்து, பின்னணி எதில் மிக வெளிறித் தெரிகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டும். தாள் முழுவதும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் 1979இல் வெளிவந்த ஓட்சு முறை போதும். ஒரு பக்கம் கறைபடிந்து மறுபக்கம் வெளிறியிருந்தால், எவ்வளவு கருமை இருந்தால் கறுப்பு என்று கொள்வது என்ற வாசல் மதிப்பை அந்தந்த இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் சவோலா முறை நன்றாக வேலை செய்யும்.

தமிழுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. தூசிப் புள்ளிகளை நீக்கும் வசதியை அளவு பார்க்காமல் பயன்படுத்தினால், எழுத்தின் மேலுள்ள புள்ளிகளும் தூசியோடு போய்விடும். ‘எண்’ என்பது ‘எண’ ஆகும். ‘கிரயம்’ என்பது ‘கிரயம’ ஆகும். அளப்பதற்கான நகலில் புள்ளிகள் போனாலும் கோணம் மாறாது. ஆனால் எழுத்துணரிக்குக் கொடுக்கும் படத்தில் இந்த வசதியைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

கோணத்தை அளத்தல்

அச்சிட்ட, தட்டச்சு செய்த பக்கங்களுக்கு மிகவும் நம்பத் தகுந்தது கிடைவரிசைக் கூட்டல் முறை. படத்தின் ஒவ்வொரு கிடைவரிசையிலும் எத்தனை கறுப்புப் பிக்செல்கள் உள்ளன என்று எண்ணி, அந்த எண்களை மேலிருந்து கீழாக வரிசையாக வைத்துப் பாருங்கள். வரிகள் நேராக இருக்கும்போது, எழுத்துகளின் உடற்பகுதி வரும் வரிசைகளில் எண்ணிக்கை உச்சத்துக்கு ஏறும். வரிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் ஏறக்குறைய சுழியத்துக்கு இறங்கும். பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு வரியின் வெற்றிடத்தில் மற்றொரு வரியின் எழுத்து வந்து விழுவதால், உச்சங்களும் பள்ளங்களும் மழுங்கி எல்லா வரிசைகளும் ஏறத்தாழ ஒரே அளவாகிவிடும். எனவே படத்தை வெவ்வேறு கோணங்களில் சுழற்றிப் பார்த்து, உச்சமும் பள்ளமும் எந்தக் கோணத்தில் மிகக் கூர்மையாக உள்ளனவோ அதையே திருத்தக் கோணமாகக் கொள்ளலாம்.

கூர்மையை எண்ணாக்குவதற்கு, அடுத்தடுத்த இரண்டு வரிசைகளின் எண்ணிக்கைகளுக்கு இடையிலான வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, பக்கம் முழுவதற்கும் கூட்ட வேண்டும்; இதுவே அந்தக் கோணத்தின் மதிப்பெண். ஒரு வரிசையில் 900 கறுப்புப் பிக்செல்களும் அடுத்ததில் 100உம் இருந்தால் வேறுபாட்டின் வர்க்கம் 6,40,000. சாய்ந்த நிலையில் அவை 520, 480 என்று மழுங்கியிருந்தால் 1,600 மட்டுமே. இந்தப் பெரும் வேறுபாடுதான் சரியான கோணத்தைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது.

எல்லாக் கோணங்களையும் நுணுக்கமாகத் தேடினால் நேரம் வீணாகும். முதலில் படத்தை நான்கில் ஒரு பங்காகச் சிறிதாக்கி, இடப்புறம் 7 பாகை முதல் வலப்புறம் 7 பாகை வரை ஒவ்வொரு பாகையாகப் பார்த்தால் 15 சோதனைகள். அவற்றில் சிறந்ததைச் சுற்றி ஒரு பாகை முன்னும் பின்னும் 0.1 பாகை இடைவெளியில் பார்த்தால் இன்னும் 21 சோதனைகள். இரண்டாம் சுற்றுக்குப் படத்தைப் பாதி அளவாவது வைத்துக்கொள்ள வேண்டும். நான்கில் ஒரு பங்காக்கிய ஏ4 படத்தின் அகலம் 620 பிக்செல்; அதில் 0.1 பாகை என்பது ஏறத்தாழ ஒரு பிக்செல் வேறுபாடுதான் என்பதால் நுணுக்கம் போதாது. டெசராக்ட் எழுத்துணரிக்கு அடித்தளமாக உள்ள லெப்டோனிகா நிரல் நூலகமும் இந்த வகையில்தான் தேடுகிறது: 7 பாகை எல்லை, ஒரு பாகைப் படி, முதல் தேடலுக்கு நான்கில் ஒரு பங்குப் படம், அடுத்ததற்குப் பாதிப் படம் என்பவை அதன் இயல்பான அமைப்புகள். அதோடு, ஒவ்வொரு சோதனைக்கும் படத்தை முழுமையாகச் சுழற்றாமல், நெடுவரிசைகளைச் சிறிது சிறிதாக மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கிறது. சிறு கோணங்களில் இரண்டும் ஒரே பலனைத் தருவதால் வேலை விரைவாக முடிகிறது.

கட்டமிட்ட பதிவேடுகளுக்கும் அச்சிட்ட படிவங்களுக்கும் ஹஃப் உருமாற்றம் பொருத்தமானது. பால் ஹஃப் 1962இல் காப்புரிமை பெற்ற இந்த முறையை, டூடாவும் ஹார்ட்டும் 1972இல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தனர். ஒவ்வொரு கறுப்புப் பிக்செலும் தன் வழியே செல்லக்கூடிய எல்லாக் கோடுகளுக்கும் ஒரு வாக்கு அளிக்கும். அதிக வாக்குகள் பெற்ற கோடுகளின் கோணமே பக்கத்தின் சாய்வு. அடங்கல் போன்ற கட்டமிட்ட ஏடுகளில் கையெழுத்து ஏறியும் இறங்கியும் இருந்தாலும் அச்சிட்ட கோடுகள் நேராகவே இருப்பதால், அங்கே கோடுகளைக் கொண்டு அளப்பது எழுத்தைக் கொண்டு அளப்பதைவிடச் சிறந்தது.

படங்களைக் கையாளும் ஓபன்சிவி நிரல் நூலகத்தைக் கற்போர் பலர் முதலில் சந்திப்பது, எழுத்துகள் அனைத்தையும் சூழும் மிகச் சிறிய செவ்வகத்தின் கோணத்தை எடுக்கும் வழி. அது சில வரிகளில் எழுதி முடிக்கக் கூடியது. ஆனால் ஓரத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்தோ மூலையில் ஒரு முத்திரையோ இருந்தாலே செவ்வகம் புரண்டுவிடும் என்பதால் பத்திரங்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், 4.5.1 பதிப்பிலிருந்து அதன் கோண வரையறை மாறியிருப்பதால் பழைய நிரல்களை அப்படியே எடுத்தாளாமல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்தின் இயல்பு

தேவநாகரியில் எழுத்துகளை இணைக்கும் தலைக்கோடு உண்டு. அதனால் கிடைவரிசைக் கூட்டலில் உச்சம் ஊசிபோல் எழும். தமிழில் அந்தக் கோடு இல்லை. மேலே புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும், கீழே கு, ழு, று போன்றவற்றின் வால்களும் வரிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்துக்குள் நீள்வதால் பள்ளம் முழுமையாக இறங்குவதில்லை. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான தாள்களில் ணை, லை போன்றவற்றின் பழைய வடிவம் வரியின் மேற்பகுதியை இன்னும் சற்று நிரப்புகிறது. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருந்தால் கோணம் ஐயமின்றிக் கிடைக்கும். மாறாக, எழுத்துகளின் அடிப்புள்ளிகளை இணைத்து அடிக்கோட்டைத் தேடும் முறைகளில் இந்த வால்கள் நேரடியாகப் பிழை ஏற்படுத்தும்; அங்கே ஒவ்வோர் எழுத்தின் அடியையும் சமமாக மதிக்காமல், பெரும்பான்மையோடு ஒட்டாதவற்றை ஒதுக்கிவிட்டுக் கோடு போட வேண்டும்.

கிடைவரிசைக் கூட்டலால் பக்கம் தலைகீழாக இருப்பதை அறிய முடியாது. நேரான பக்கமும் தலைகீழான பக்கமும் ஒரே கூர்மையைத்தான் தரும். ஆங்கில எழுத்துகளின் மேல்நீட்சி, கீழ்நீட்சி ஆகியவற்றை ஒப்பிட்டுத் திசை காணும் முறைகள் தமிழுக்குப் பொருந்துவதில்லை. டெசராக்டில் திசையையும் எழுத்து வகையையும் மட்டும் கண்டறியும் தனி நிலை ஒன்று உள்ளது. அதைக் கொண்டு திசையைச் சரிசெய்த பிறகே நுண்ணிய சாய்வை அளக்கத் தொடங்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கட்டுகளில் கன்னட, தெலுங்குத் தாள்களும் தமிழ்த் தாள்களோடு கலந்திருந்தால், எழுத்து வகையை இந்த நிலையிலேயே பிரித்துவிடுவது பின்னால் எழுத்துணரிக்குச் சரியான மொழியைக் கொடுக்க உதவும்.

கிடைத்த கோணத்தை நம்பலாமா?

கருவி எப்போதும் ஏதேனும் ஒரு கோணத்தைச் சொல்லிவிடும். நான்கே வரிகள் உள்ள தாளுக்கும் சொல்லும், வெறும் கைரேகையும் முத்திரையும் உள்ள தாளுக்கும் சொல்லும். ஆகவே சிறந்த கோணத்தின் மதிப்பெண்ணை மோசமான கோணத்தின் மதிப்பெண்ணால் வகுத்துப் பார்க்க வேண்டும். லெப்டோனிகா இந்த விகிதம் 3க்குக் குறைந்தால் படத்தைச் சுழற்றாமல் விட்டுவிடுகிறது. நல்ல வழக்கம் அது. கோணம் தேடல் எல்லையின் விளிம்பில், அதாவது 7 பாகையில் வந்து நின்றால், உண்மைச் சாய்வு அதற்கும் மேல் இருக்கலாம் அல்லது அளவே தவறாக இருக்கலாம். இரண்டிலும் கண்ணால் பார்ப்பதே வழி. கோணம் 0.1 பாகைக்கும் குறைவாக இருந்தால் சுழற்றவே வேண்டாம். சுழற்சி ஒவ்வொரு முறையும் எழுத்தின் ஓரத்தைச் சிறிது மழுங்கச் செய்யும் என்பதால், கிடைக்கும் நன்மையைவிட இழப்பு மிகுந்துவிடும்.

சுழற்றுதல்

அளந்த கோணத்தை, கறுப்பு வெள்ளை நகலின் மீது செலுத்தாமல் மூல வண்ணப் படத்தின் மற்றொரு நகல் மீது செலுத்த வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தைச் சுழற்றினால் எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டுகளாக உடையும். வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ இருமுப்படி இடைக்கணிப்புடன் (பக்கத்துப் பிக்செல்களைக் கொண்டு புதிய பிக்செலின் நிறத்தைக் கணிக்கும் முறை) சுழற்றி, அதன் பிறகு கறுப்பு வெள்ளையாக்குவதே சரியான வரிசை. சுழற்சி ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும். 1 பாகை திருப்பிப் பார்த்துப் போதவில்லை என்றால், மூலத்துக்குத் திரும்பி 1.3 பாகை திருப்ப வேண்டுமே தவிர, திருப்பியதன் மேலேயே இன்னொரு 0.3 பாகை திருப்பக்கூடாது.

திசைக் குறியில் கவனம் தேவை. ஓபன்சிவியிலும் பைத்தானின் பில்லோ நூலகத்திலும் நேர்மக் கோணம் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையைக் குறிக்கும். இமேஜ்மேஜிக் என்ற படத்திருத்த மென்பொருளில் அது கடிகார முள்ளின் திசையைக் குறிக்கும். ஒரு கருவியில் அளந்து மற்றொன்றில் சுழற்றுவோர் முதல் பக்கத்தில் சோதிக்காமல் முழுக் கட்டையும் ஓட்டினால் எல்லாப் பக்கங்களின் சாய்வும் இரட்டிப்பாகிவிடும்.

படச் சட்டத்தைப் பெரிதாக்கிச் சுழற்றுவதும் முக்கியம். ஏ4 பக்கத்தை மையத்தைச் சுற்றி 2 பாகை திருப்பினால் மூலைகள் பக்கவாட்டில் ஏறத்தாழ 61 பிக்செல், அதாவது 5 மில்லிமீட்டர் வெளியே நகரும். பழைய சட்டத்தையே வைத்திருந்தால் அந்தப் பகுதி வெட்டுப்படும்; பத்திரத்தின் ஓரத்தில்தான் ஆவண எண்ணும் தாள் எண்ணும் கையொப்பங்களும் இருக்கின்றன. புதிதாக உருவாகும் மூலைகளைக் கறுப்பால் நிரப்பாமல், தாளின் சராசரி நிறத்தால் நிரப்பினால் பின்வரும் படிகளில் அவை குறுக்கிடா.

நிரல் எழுதாதவர்களுக்கும் வழிகள் உண்டு. ஸ்கேன்டெய்லர் என்ற இலவச மென்பொருள் திசை, பக்கப் பிரிப்பு, நிமிர்த்தல், உள்ளடக்கத் தேர்வு, ஓரம், வெளியீடு என்று இந்த வேலையையே படிகளாக அமைத்திருக்கிறது. தானாகக் கண்ட கோணத்தைக் கையால் திருத்தவும் அது இடம் தருகிறது. சில பக்கங்களே என்றால், கிம்ப் மென்பொருளின் அளவீட்டுக் கருவியால் ஒரு நீளமான வரியின் அடியில் கோடு இழுத்து, நிமிர்த்தும் பொத்தானை அழுத்தலாம். இமேஜ்மேஜிக்கின் நிமிர்த்தல் தெரிவுக்கு 40 சதவீதம் என்ற வாசல் மதிப்பு பெரும்பாலான பக்கங்களுக்குப் பொருந்தும். பிடிஎஃப் கோப்புகளாகவே வைத்திருப்போர், நிமிர்த்தல், திசை திருப்பல், தமிழ் எழுத்துணர்தல் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் ஓசிஆர்மைபிடிஎஃப்பைப் பயன்படுத்தலாம்.

புல வரைபடத்துக்கு வேறு விதி

ஒரு சர்வே எண்ணுக்குரிய நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தில் எண்கள் கோடுகளை ஒட்டி எல்லாத் திசைகளிலும் எழுதப்பட்டிருக்கும். புலத்தின் எல்லைகளும் எந்தத் திசையிலும் ஓடலாம். எழுத்து வரியைத் தேடும் எந்த முறையும் இங்கே நீளமான ஓர் எல்லைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தையே திருப்பிவிடும். வடக்கு வடக்காக இராது. இதற்குத் தானியங்கி நிமிர்த்தலை அணைத்துவிட்டு, அச்சிட்ட வெளிச்சட்டத்தைக் கொண்டு கையால் திருப்ப வேண்டும். சுழற்சியால் அளவுகோல் மாறாது. ஆனால் செல்பேசிச் செயலியின் மூலை விரிப்பு அகலத்தையும் உயரத்தையும் வெவ்வேறு விகிதத்தில் இழுக்கக்கூடும். அளவெடுக்கப் பயன்படும் வரைபடத்தைச் செல்பேசியால் எடுக்கவே கூடாது.

சரிபார்த்தலும் சேமித்தலும்

நிமிர்த்திய படத்தில் மீண்டும் ஒருமுறை கோணத்தை அளந்தால் 0.1 பாகைக்குள் இருக்க வேண்டும். இரட்டிப்பாகியிருந்தால் சுழற்சியின் திசைக் குறி மாறியிருக்கிறது. கட்டு முழுவதற்கும் கோப்பின் பெயர், கண்ட கோணம், நம்பக விகிதம் (மேலே வகுத்துக் கண்ட மதிப்பெண் விகிதம்) ஆகிய மூன்றையும் ஓர் அட்டவணையில் எழுதிவைத்து, கோணத்தின்படி வரிசைப்படுத்தினால், பிழையான பக்கங்கள் பெரும்பாலும் இரண்டு முனைகளிலும் வந்து சேரும். அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். தைத்த பதிவேட்டில் ஒற்றைப்படைப் பக்கங்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படைப் பக்கங்கள் எதிர்ப்பக்கமும் சாய்வது இயல்பு என்பதால், அவற்றைத் தனித்தனியே வரிசைப்படுத்திப் பார்த்தால் விலகி நிற்கும் பக்கம் எளிதில் தெரியும். இறுதியாக, சொத்து விவரம் உள்ள பக்கத்தை மட்டுமாவது எழுத்துணரி தந்த எழுத்தோடு வைத்து, சர்வே எண்ணையும் பரப்பளவையும் நான்கெல்லையையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

திருத்தாத மூல ஸ்கேனைத் தனிக் கோப்புறையில், எழுத முடியாதபடி பூட்டி, வேறொரு வட்டிலும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்த்திய படத்துக்கு மூலத்தின் பெயரையே வைத்து, இறுதியில் கோணத்தைச் சேர்த்து எழுதினால், நாளை இன்னும் நல்ல கருவி கிடைக்கும்போது எந்தத் தாளில் என்ன செய்யப்பட்டது என்று தேட வேண்டியிராது.